எந்தக் கலர் சுவிட்ச் என்று கேட்பதற்கு முன்னால்

“ப்ளூ நல்லதா, பிரவுன் நல்லதா, இல்ல ரெட்டே வாங்கிடட்டுமா?”

கீபோர்டு பற்றி என்னிடம் கேட்கிறவர்கள் எல்லாரும் இந்த இடத்திலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். யூடியூபில் ஒன்றிரண்டு வீடியோ பார்த்திருப்பார்கள். சுவிட்சுக்கு நிறம் உண்டு என்பது தெரிந்திருக்கும். நான் ஒரு நிறத்தைச் சொல்லிவிட்டால் ஆர்டர் போட்டுவிடலாம் என்று போனைக் கையிலேயே வைத்திருப்பார்கள். நான் நிறம் சொல்வதில்லை. நாலு கேள்வி திருப்பிக் கேட்பேன். நாலுக்கும் பதில் வந்துவிட்டால் நிறம் தானாக வந்து நிற்கும். ஆளாளுக்கு அதையே வாட்ஸப்பில் எழுதி அலுத்துவிட்டது, அதனால் மொத்தமாக இங்கே.

நான் இருப்பது செஞ்சி. தமிழில் தட்டித்தான் பிழைப்பு. கேட்கிறவர்களும் பெரும்பாலும் இந்த வட்டாரத்துக்காரர்கள். அமெரிக்காக்காரர் ஏசி அறையில் உட்கார்ந்து, ஆங்கிலத்தில் தட்டி, கொடுக்கும் மார்க் நமக்கு அப்படியே பொருந்தாது. நம் மொழி வேறு, நம் புழுதி வேறு.

இந்த ஊரில் யார் தட்டுகிறார்கள்?

சுற்றிப் பாருங்கள். சார்பதிவாளர் அலுவலகத்தையும் தாலுகா ஆபீஸையும் நம்பி வாழும் டிடிபி கடைகளில் காலை முதல் கிரயப் பத்திரம், தான செட்டில்மென்ட், பட்டா மனு. நெல் வரத்துக் காலத்தில் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் மூட்டை, எடை, விலை என்று வெறும் எண்களாகவே ஏற வேண்டும். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் லோயரும் ஹையரும் முடித்துவிட்டு குரூப் 4-க்குக் காத்திருக்கும் பிள்ளைகள். மாடியறையில் லேப்டாப்போடு உட்கார்ந்து சென்னைக் கம்பெனிக்குக் கோடு எழுதும் ஐடிக்காரர்கள். 2025 ஜூலையில் கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பிறகு, ராஜகிரியைப் பற்றியும் தேசிங்கு ராஜாவைப் பற்றியும் எழுதக் கிளம்பியிருக்கும் நம் ஆட்கள் வேறு.

இவர்கள் எல்லாருக்கும் ஒரே கீபோர்டு எப்படிச் சரிவரும்?

எனக்குத் தெரிந்த டிடிபி கடைக்காரர் ஒருவர் டிவிஎஸ் கோல்டு வைத்திருக்கிறார். எழுத்து தேய்ந்து, ஓரமெல்லாம் மஞ்சளடித்துப் போன பழைய பலகை.

“மாத்திடலாமேண்ணா?” என்றேன்.

“எதுக்கு தம்பி? செக்குபந்தி அடிக்கும்போது நான் கீபோர்டையும் பாக்க மாட்டேன், ஸ்கிரீனையும் பாக்க மாட்டேன். கண்ணு மூலப் பத்திரத்துல இருக்கும். டக்குனு சத்தம் வந்தா எழுத்து விழுந்துச்சுன்னு அர்த்தம். அது போதும் எனக்கு.”

‘கிளிக்கி சுவிட்ச்’ என்ற பேரை அவர் கேள்விப்பட்டதே கிடையாது. ஆனால் அது எதற்கு என்பதை அவரைவிடத் தெளிவாக நான் எந்த விமர்சனத்திலும் படித்ததில்லை.

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட டிவிஎஸ் எலக்ட்ரானிக்ஸின் இந்தக் கோல்டு வரிசைதான், ‘மெக்கானிக்கல் கீபோர்டு’ என்பது விளையாட்டுப் பிள்ளைகளின் வார்த்தையாக மாறும் முன்பே தமிழ்நாட்டு டிடிபி கடைகளிலும் அலுவலகங்களிலும் இருந்த மெக்கானிக்கல் கீபோர்டு. பல வருடங்கள் அது செர்ரி நிறுவனத்தின் நீலச் சுவிட்சோடு வந்தது. இப்போது புதிதாக வாங்குகிறவர்கள் அந்த மாடலில் எந்தச் சுவிட்ச் என்று பெட்டியில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

மூடியைக் கழற்றினால்

நாம் வழக்கமாக வாங்கும் ஐந்நூறு ரூபாய் கீபோர்டு மெம்பிரேன் வகை. உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் தாள்கள் மூன்று அடுக்காக இருக்கும். மேல்தாளிலும் கீழ்த்தாளிலும் மின்சாரம் ஓடும் கோடுகள், நடுத்தாளில் ஓட்டைகள். ஒவ்வொரு கீயின் கீழும் ஒரு ரப்பர் குமிழ். நீங்கள் அழுத்த, குமிழ் மடங்கி, மேல்தாள் கீழ்த்தாளைத் தொட, எழுத்து விழும். அதாவது கீ கிட்டத்தட்ட அடிவரைக்கும் போனால்தான் வேலை நடக்கும். லேப்டாப்பிலும் பெரும்பாலும் இதே குமிழ்தான். கீ ஆடாமல் இருக்கக் கத்தரி போல ஒரு தாங்கி கூடுதலாக இருக்கும், ஆழம் குறைவு.

மெக்கானிக்கலில் ஒவ்வொரு கீக்கும் தனிச் சுவிட்ச். ஒரு ஸ்பிரிங், மேலும் கீழும் போகும் தண்டு, உலோகத் தகடு. இன்று எல்லாரும் காப்பியடிக்கும் செர்ரி எம்எக்ஸ் வடிவம் 1980களில் வந்தது. அதன் மொத்த ஆழம் 4 மில்லிமீட்டர், ஆனால் பாதி வழியில், ஏறத்தாழ 2 மில்லிமீட்டரிலேயே எழுத்து பதிவாகிவிடும். அடிவரை குத்த வேண்டிய அவசியமே இல்லை. பழகிய விரல் பாதியிலேயே திரும்பி அடுத்த கீக்குப் போய்விடும்.

சுவிட்சில் குடும்பம் மூன்றே மூன்றுதான்.

லீனியர்: மேலிருந்து கீழ்வரை வழவழவென்று இறங்கும். தடையும் கிடையாது, தனிச் சத்தமும் கிடையாது. செர்ரியில் சிவப்பும் கறுப்பும் இந்த வகை. சிவப்பு 45 சென்டிநியூட்டன், அதாவது விரலில் சுமார் 45 கிராம் எடை. கறுப்பு 60.

டாக்டைல்: தண்டின் பக்கவாட்டில் ஒரு மேடு இருக்கும். எழுத்து பதிவாகும் இடத்துக்குப் பக்கத்தில் விரலுக்கு அது ஒரு குட்டி வேகத்தடை மாதிரி தட்டுப்படும். செர்ரியில் பிரவுன். எடை சிவப்பை ஒட்டித்தான், மேடு ஏறும்போது 55 வரை போகும்.

கிளிக்கி: அதே தடையோடு ‘டிக்’ என்ற சத்தமும். தண்டு இரண்டு துண்டாக இருக்கும், அதில் ஒரு துண்டு சட்டென்று கீழே இறங்கும்போது அந்தச் சத்தம் எழும்புகிறது. செர்ரியில் நீலம். 2.2 மில்லிமீட்டரில் பதிவாகும், மேட்டில் 60 வரை அழுத்தம் கேட்கும்.

இந்த நிறங்கள் ஒரு கம்பெனி தன் வசதிக்கு வைத்துக்கொண்டவை. செர்ரியின் காப்புரிமைக் காலம் முடிந்ததும் கேட்டரான், கைல், அவுட்டெமு என்று சீனக் கம்பெனிகள் அதே வடிவத்தில் இறங்கின. சிவப்பு, பிரவுன், நீலம் மூன்றுக்கும் ஏறக்குறைய அதே அர்த்தத்தை வைத்துக்கொண்டார்கள். அதற்கு மேல் மஞ்சள், வெள்ளி, ஊதா, ரோஸ் எல்லாம் அவரவர் இஷ்டம். ஆகையால் பெட்டியில் நிறத்தைப் பார்க்காதீர்கள். எந்தக் குடும்பம், எத்தனை கிராம், எத்தனை மில்லிமீட்டரில் பதிவு, இந்த மூன்றைப் பாருங்கள்.

முதல் கேள்வி: எந்த மொழியில், எந்த முறையில் அடிக்கிறீர்கள்?

ஆங்கில விமர்சனங்களில் கிடைக்காத கேள்வி இதுதான். நமக்கோ இதுதான் முதல்.

தமிழ்99 முறையில் உயிரெழுத்துகள் இடது கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலது கைக்கு. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி உருவாகி, தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட முறை இது. ஆங்கிலத்தில் வெறும் நிறுத்தக் குறிகளாகச் சும்மா கிடக்கும் கீகள் எல்லாம் இதில் எழுத்துகள். [ என்றால் ச. ] என்றால் ஞ. அரைப்புள்ளி ந. மேற்கோள் குறி ய. சாய்கோடு ழ.

நம் ஊர்ப் பேரையே அடித்துப் பாருங்கள். ச, எ, ஞ, ச, இ. ஞ-வுக்குப் பின் ச வந்தால் நடுவில் புள்ளி தானாக விழ வேண்டும் என்பது தமிழ்99 விதி. ஆக ‘செஞ்சி’க்கு மொத்தம் ஐந்து தட்டு, அதில் மூன்று அடைப்புக்குறிக் கீகளில்!

அழகாக இருக்கிறதே என்று குட்டிக் கீபோர்டு வாங்குகிறவர்கள் இங்கேதான் கவனிக்க வேண்டும். முழு அளவு 104 கீ. எண் பலகையை வெட்டினால் 87. அதற்கும் கீழே எழுபத்தைந்து, அறுபத்தைந்து, அறுபது சதவீதம் என்று போகும். 87 வரைக்கும் பயமில்லை. சிறுக்கச் சிறுக்க வலது ஓரத்தில்தான் கத்தி விழும். சில 61 கீ பலகைகளில் சாய்கோடும் மேல்நோக்கு அம்பும் ஒரே கீயில் குடித்தனம் நடத்தும். ஆங்கிலத்தில் அடிக்கிறவருக்கு அது பெரிய விஷயமில்லை. தமிழ்99-காரருக்கு அங்கே இருப்பது ழ. நாற்பது சதவீதப் பலகைகளில் அடைப்புக்குறிக் கீகளே தனியாக இருக்காது. படத்தைப் பெரிதாக்கி, வலது ஓரத்தில் [ ] ; ' / ஐந்தும் முழு அளவில், வழக்கமான இடத்தில் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

பழைய டைப்ரைட்டர் முறை, பாமினி, வானவில் என்று பழகியவர்களுக்கும் இந்தக் கணக்கு உண்டு. பாமினியில் புள்ளியே அரைப்புள்ளிக் கீயில்தான் இருக்கிறது. புள்ளியில்லாமல் எத்தனை தமிழ்ச் சொல் எழுத முடியும்? தவிர, டைப்ரைட்டர் முறையில் ஷிஃப்டைத் தேடிப் போகும் வேலை அதிகம். ஷிஃப்ட் கீ சின்னதாக இருக்கும் பலகை வேண்டாம்.

அம்மா என்பதற்கு amma என்று ஆங்கில எழுத்தில் தட்டும் ஒலிபெயர்ப்பு முறைக்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. எந்த அளவும் சரி.

எண் வேலை இருக்கிறவர்கள் எண் பலகையை விட்டுக்கொடுக்கவே கூடாது. டாலி போடுகிறவர், நெல் மூட்டைக் கணக்கு ஏற்றுகிறவர், சர்வே எண்ணும் சதுர அடியும் பக்கம் பக்கமாக அடிக்கிறவர் எல்லாருக்கும் 104 கீதான். மேல் வரிசை எண்களை வைத்துச் சமாளிக்கலாம் என்று சொல்கிறவர் ஒரு நாள் முழுக்க விற்பனைக் கூடத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும்.

இரண்டாம் கேள்வி: பக்கத்தில் யார் இருக்கிறார்கள்?

நீலச் சுவிட்ச் கடைக்கு அருமை. தெருவில் பஸ் ஹார்ன், உள்ளே ஜெராக்ஸ் மெஷின், நடுவில் டிக் டிக். யாருக்கும் உறுத்தாது. அதே பலகையை ராத்திரி பதினொரு மணிக்கு, பக்கத்தில் குழந்தை தூங்கும் ஒற்றை அறையில் வைத்து அடித்துப் பாருங்கள், வீட்டில் நிம்மதி போய்விடும். வீடியோ மீட்டிங்கில் பேசிக்கொண்டே குறிப்பெடுக்கிறவர்களுக்கும் நீலம் ஆகாது, எதிர்முனையில் அதுதான் முதலில் கேட்கும்.

லீனியர் என்றால் சத்தமே இருக்காது என்றும் நினைக்க வேண்டாம். சிவப்பில் டிக் இல்லை, ஆனால் அடிவரை குத்தினால் பிளாஸ்டிக் மோதும் சத்தம் உண்டு. நிஜமாகவே அமைதி வேண்டும் என்றால் ‘சைலன்ட்’ என்று தனியாக விற்கும் லீனியர் சுவிட்சுகள் இருக்கின்றன. தண்டின் முனையில் மெத்தென்ற ரப்பர் வைத்திருப்பார்கள்.

மூன்றாம் கேள்வி: உங்கள் விரல் எங்கே பழகியது?

ரெமிங்டன், ஃபேசிட், கோத்ரெஜ் மெஷின்களில் பழகிய கை ஒரு ரகம். அந்தக் கீ ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இறங்க வேண்டும், எழுத்துக்கோல் எழும்பி ரிப்பனை அடிக்க வேண்டும். இன்ஸ்டிடியூட் மாஸ்டர் “அமுக்காதே, தட்டு” என்று சொல்லிச் சொல்லி வளர்த்த விரல். இப்படிப்பட்டவர்களுக்கு 45 கிராம் சிவப்பைக் கொடுத்தால், விரல் சும்மா மேலே தங்கியிருக்கும்போதே எழுத்து விழுந்துவிடும். கண்டபடி பிழை வரும். நீலமோ, கொஞ்சம் எடையுள்ள டாக்டைலோ அவர்களுக்குப் பொருந்தும்.

லேப்டாப்பிலேயே பழகிய விரல் மெலிதாகத் தட்டும். அதற்கு சிவப்போ பிரவுனோ போதும்.

தமிழ்99-காரர்களுக்கு இன்னொரு நுணுக்கம். முறைப்படி பத்து விரலால் தட்டினால், ண, ந, ச, ஞ, ய, ழ ஆறும் வலது கைச் சுண்டுவிரலின் பொறுப்பு. ஆங்கிலத்தில் அந்த விரலுக்கு எழுத்து என்று பார்த்தால் ஒன்றே ஒன்றுதான், மற்றதெல்லாம் குறிகள். இருக்கிற விரலில் பலவீனமானது சுண்டுவிரல், தமிழில் அதன் தலையில் ஆறு எழுத்து! நாள் முழுக்க 60 கிராம் சுவிட்சில் தட்டினால் சாயங்காலம் வலிக்கத்தான் செய்யும். அதனால் தமிழ்99-இல் நிறைய எழுதுகிறவர்களுக்கு நான் 45 கிராமை ஒட்டிய எடையைத்தான் சொல்வேன். சுவிட்சைக் கழற்றி மாற்றும் வசதி, அதாவது ஹாட்ஸ்வாப், உள்ள பலகை என்றால் இன்னும் நல்லது. அந்த ஆறு கீக்கு மட்டும் மெலிதான சுவிட்ச் போட்டுக்கொள்ளலாம். சாலிடரிங் தேவையில்லை, பெட்டியோடு வரும் இடுக்கியால் பிடுங்கிச் செருகினால் வேலை முடிந்தது. சுவிட்ச் வாங்கும்போது மூன்று முள்ளா ஐந்து முள்ளா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேகமாக அடிக்கிறவர்களுக்கு ஒரு வரி. ஆங்கில லோயர் பரீட்சைக்கு நிமிடத்துக்கு 30 சொல், ஹையருக்கு 45. அந்த வேகத்தைத் தாண்டியவர்கள் ஒரு கீயை விடுவதற்குள் அடுத்ததை அழுத்திவிடுவார்கள். மலிவான மெம்பிரேன் சிலதில் ஒரே நேரத்தில் மூன்று கீ சேர்ந்தால் ஒன்று காணாமல் போகும். மெக்கானிக்கலில் என்-கீ ரோல்ஓவர் என்று போட்டிருந்தால் எத்தனை கீ சேர்ந்தாலும் எல்லாம் பதிவாகும்.

நாலாம் கேள்வி: எத்தனை வருஷம் ஓட வேண்டும்?

செர்ரி நீலத்துக்குக் கம்பெனி சொல்லும் ஆயுள் கீ ஒன்றுக்கு 5 கோடி தட்டு. ரப்பர் குமிழ்களுக்கு வழக்கமாகச் சொல்லப்படுவது 50 லட்சம் முதல் 1 கோடி. கேட்க மலைப்பாக இருக்கும், கொஞ்சம் கணக்கு போடலாம். நிமிடத்துக்கு 45 சொல், சொல்லுக்கு ஐந்து தட்டு, ஒரு மணி நேரத்துக்கு 13,500. நாளுக்கு ஐந்து மணி நேரம் அடித்தால் 67,500. அதிகம் அடிபடும் ஒரு கீக்குப் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டாலும், வருடத்துக்கு 300 நாளில் 20 லட்சம் தட்டு. மெம்பிரேன் இரண்டரை வருடத்திலிருந்து ஐந்து வருடத்துக்குள் களைத்துவிடும். நீலம் கணக்குப்படி இருபத்துநாலு வருடம்.

கணக்குப்படி என்று ஏன் சொல்கிறேன் என்றால், நம் ஊரில் கீபோர்டைக் கொல்வது தட்டு இல்லை, புழுதி. மார்ச் பிறந்துவிட்டால் இந்தக் கரட்டுப் பாறைகள் சூடேறி ராத்திரி வரை அனல் விடும். மின்விசிறியைப் போட்டு ஜன்னலைத் திறந்துதான் உட்கார முடியும். ரோட்டுப் புழுதி நேராக உள்ளே வரும். சுவிட்சுக்குள் தூசு போனால் ஒருமுறை தட்டினால் இரண்டு எழுத்து விழும். பாதித் தட்டுக்கு எழுத்தே விழாது. வடை எண்ணெய்க்கு எறும்பு வருவது தனிக் கதை.

மெம்பிரேனில் இது வந்தால் குப்பைதான். மெக்கானிக்கலில் கீமூடியைக் கழற்றி, பிரஷ்ஷால் தட்டி, ஊதி எடுக்கலாம். ஹாட்ஸ்வாப் என்றால் கெட்ட சுவிட்சை மட்டும் மாற்றலாம். ராத்திரி வேலை முடிந்ததும் ஒரு துணி போட்டு மூடி வையுங்கள். செலவில்லாத பராமரிப்பு அதுதான்.

கீமூடியில் இரண்டு பிளாஸ்டிக் உண்டு. ஏபிஎஸ் சீக்கிரம் வியர்வையில் பளபளத்துவிடும். பிபிடி சொரசொரப்பாகவே இருக்கும், விலை கொஞ்சம் கூட. எழுத்து தேய்வது உங்களுக்கு உறுத்தும் என்றால், இரண்டு நிறப் பிளாஸ்டிக்கை ஒன்றுக்குள் ஒன்று வார்த்த ‘டபுள்ஷாட்’ மூடி வாங்குங்கள். தேயவே தேயாது.

காசு எங்கே வீணாகிறது

கலர் கலராக எரியும் விளக்கு எழுத்துப் பிழையைக் குறைக்காது. வயர்லெஸ்ஸில் அது பேட்டரியையும் குடிக்கும். ஒரே மேசையில் உட்கார்ந்து அடிக்கிறவருக்கு வயர் வைத்ததே போதும். கரன்ட் போனால் போனில் இணைத்துத் தட்ட வேண்டும் என்கிறவர்கள் மட்டும் புளூடூத் பாருங்கள்.

கீ இறங்கும் ஆழத்தைக் காந்தத்தால் அளக்கும் ஹால் எஃபெக்ட் சுவிட்ச் இப்போது பேச்சாக இருக்கிறது. எந்த ஆழத்தில் பதிவாக வேண்டும் என்று நாமே வைத்துக்கொள்ளலாம். விளையாடுகிறவர்களுக்கு அது பெரிய வரம். கிரயப் பத்திரத்துக்கு வேண்டாம்.

எல்லாவற்றையும் விட முக்கியம்: ‘மெக்கானிக்கல் ஃபீல்’ என்று பெட்டியில் போட்டிருந்தால் அது மெக்கானிக்கல் இல்லை. ரப்பர் குமிழுக்கு மேல் கனமான மூடி வைத்த மெம்பிரேன். சுவிட்சின் பேரும் வகையும் எழுதியிருந்தால்தான் நம்பலாம்.

நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலும் மவுஸோடு சேர்த்து விற்கும் மெம்பிரேன்தான் கிடைக்கும். சென்னை போகிற வேலை இருந்தால் ரிச்சி தெருவில் இறங்கி நாலைந்து பலகையைத் தட்டிப் பாருங்கள். முடியாதவர்கள் பழக்கமான டிடிபி கடையில், கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, அவர்கள் பலகையில் ஒரு பக்கம் அடிக்கக் கேளுங்கள். சும்மா நாலு கீயைத் தட்டிப் பார்ப்பது உதவாது. பத்து நிமிடம் தொடர்ந்து அடித்தால்தான் சுண்டுவிரல் தன் கருத்தைச் சொல்லும்.

சரி, கடைசியில் எந்தக் கலர்?

டிடிபி கடை, பத்திரம், டைப்ரைட்டரில் பழகிய கை: 104 கீ, கிளிக்கி. கணக்கு, கொள்முதல், டாலி: 104 கீ, டாக்டைல். தமிழ்99-இல் வீட்டிலிருந்து எழுதுகிறவர்: 87 கீ, ஹாட்ஸ்வாப், 45 கிராம் அளவில் டாக்டைல் அல்லது லீனியர். நடுராத்திரி கோடு எழுதும் ஐடிப் பிள்ளை: அளவு உங்கள் விருப்பம், சைலன்ட் லீனியர்.

வாரத்துக்கு இரண்டு மெயில், மாசம் ஒரு மின் கட்டணம், அவ்வளவுதான் உங்கள் தட்டச்சு என்றால், மேலே சொன்ன எதுவும் உங்களுக்குத் தேவையில்லை. ஐந்நூறு ரூபாய் மெம்பிரேனே வாங்குங்கள். மிச்சக் காசில், உட்கார்ந்தால் முழங்கை மேசை மட்டத்துக்கு வருகிற மாதிரி ஒரு நல்ல நாற்காலி பாருங்கள். அது எந்தச் சுவிட்சைவிடவும் கையைக் காப்பாற்றும்.